கண்ணாடிக் கூண்டிலிருந்து ஒரு கேள்வி

தொலைக்காட்சியில் எந்த மாநாட்டைக் காட்டினாலும் கிளி மேடையைப் பார்ப்பதில்லை. தலைவர்கள் கைகுலுக்குவதையும் பார்ப்பதில்லை. அவள் கண் நேராக மண்டபத்தின் பின்சுவருக்குப் போய்விடும். அங்கே உயரத்தில் வரிசையாகக் கண்ணாடிச் சன்னல்கள் இருக்கும். உள்ளே சின்ன விளக்கு வெளிச்சத்தில் இரண்டிரண்டு தலைகள் மங்கலாகத் தெரியும். கேமரா ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பினால் போதும், கையிலிருக்கும் காபி ஆறிப் போகும்.

“அதோ, அந்த மூணாவது கூண்டு. அந்தப் பொண்ணு ஹெட்போனை ஒரு காதுல மட்டும் மாட்டியிருக்கா பாருங்க. அப்படித்தான் மாட்டணும். இன்னொரு காது நம்ம குரலைக் கேக்கணும்.”

“உலகம் சூடாகுதுன்னு அங்க ஒருத்தர் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்காரு. உனக்கு ஹெட்போன் கவலை,” என்பார் கணவர்.

கிளி ஓய்வு பெற்று வெகு நாளாகிவிட்டது. ஆனாலும் பேசுகிறவர் வாயைத் திறந்ததும் அவள் உதடு தானாக அசையத் தொடங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒருவர் மாநாட்டின் பொது மொழியில் பேசப் பேச, அதை அப்படியே தாய்மொழிக்கு மாற்றிச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கிளி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பேருந்து டிப்போ வைத்த பெயர். கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். கல்யாணமான புதிதில், “வீட்டுக்காரம்மா என்ன வேலை பாக்குறாங்க?” என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். “ஒருத்தர் ஒரு பாஷையில பேசினா, அவர் பேசி முடிக்கிறதுக்குள்ளயே அதை இன்னொரு பாஷையில சொல்லிடுவா,” என்று இவர் பெருமையாகச் சொல்ல, “அட, கிளியா!” என்றிருக்கிறார் ஒரு கண்டக்டர். அன்றிலிருந்து இவர் டிப்போவில் கிளி வீட்டுக்காரர் ஆனார். வீட்டுக்கு வந்து பயந்து பயந்துதான் சொன்னார். அவள் கோபப்படவில்லை. “கிளி கேட்டதை அப்படியே சொல்லும். நான் வேற பாஷையில மாத்திச் சொல்றேன். கிளியைவிட ஒரு படி மேலதான்,” என்றாள். பெயர் அலுவலகத்துக்கும் பரவியது.

அவள் வேலை பார்த்த கட்டடம் நகரத்தின் நடுவில், சாம்பல் நிறத்தில், சுழலும் கதவோடு நின்றது. மழைக்காலத்தில் வராந்தாக் கம்பளம் ஈரக் கம்பளிபோல் வாடை அடிக்கும். காபிப் பொத்தானை அழுத்தினால் டீயும் டீப் பொத்தானை அழுத்தினால் வெந்நீரும் தருகிற இயந்திரம் ஒன்று உண்டு. அதைத் திட்டாத நாட்டுப் பிரதிநிதியே கிடையாது. வருடம் முழுக்க ஏதாவது கூட்டம் நடந்தபடி இருக்கும். கிளிக்கு வருடம் என்பது இரண்டு வாரம்தான். கடலோர நாடுகளெல்லாம் நீடித்த வளர்ச்சியைப் பற்றிப் பேச ஆண்டுக்கொரு முறை கூடும் மன்றம் அது. அந்த இரண்டு வாரமும் கட்டடமே திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைபோல் இருக்கும். கழுத்தில் அட்டை, கையில் வரைவுத் தாள், வராந்தா சோபாவில் வாய் திறந்தபடி தூங்கும் தூதர்கள், படிக்கட்டில் நின்றபடியே ரொட்டி தின்னும் நிருபர்கள்.

“நீடித்த வளர்ச்சின்னா என்ன?” என்று கணவர் முதல் வருடமே கேட்டார்.

“இன்னைக்கு நாம எடுத்துக்கிறது நாளைக்கு வர்றவங்களுக்கும் மிச்சம் இருக்கணும். அதான்.”

“அதுக்கு இத்தனை பேர் ஏரோப்ளேன்ல வரணுமா? எங்க டிப்போல டீசல் டேங்க்கைக் காலியா விட்டுட்டு வீட்டுக்குப் போற டிரைவரை, அடுத்த ஷிப்டுக்காரன் நாலு பேர் முன்னால நாலு வார்த்தை கேப்பான். முடிஞ்சுது கதை.”

“அந்த நாலு வார்த்தையைக் கேக்கத்தாங்க எல்லாரும் வர்றாங்க.”

அவள் சொன்னது விளையாட்டுக்கில்லை. மன்றத்தில் யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாது. எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு வரி அறிக்கையில் ஏறும். ஏறிவிட்டால், அடுத்த வருடம் வந்து அந்த வரிக்கு என்ன செய்தோம் என்று சபை முன்னால் சொல்லியாக வேண்டும். செய்யாதவர்களுக்குத் தண்டனை எதுவும் இல்லை. எல்லார் பார்வையும் தன் மேல் விழ, கையை விரித்துவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் பெரிய பெரிய அமைச்சர்கள் குரல் கம்முவதை ஹெட்போனில் கேட்டவள் அவள்.

கூண்டில் அவளுக்குத் துணை, ரேடியோ என்று எல்லாரும் கூப்பிடும் இன்னொரு மொழிபெயர்ப்பாளர். இவர் முன்பு வானொலியில் செய்தி வாசித்தவர். இடி விழுந்த சேதியைக்கூடத் தாலாட்டுப் பாடுவதுபோல் சொல்லுவார். தாய்மொழியில் பேசுகிறவர்களைப் பொது மொழிக்குக் கொண்டுபோவது கிளியின் வேலை. பொது மொழியில் சபை பேசுவதைத் தாய்மொழிக்குக் கொண்டுவருவது ரேடியோவின் வேலை. களைத்தால் மாற்றிக்கொள்வார்கள். இரண்டு நாற்காலி, இரண்டு மைக் பெட்டி, ஒரு தண்ணீர் ஜாடி. மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படியும் அளவு இடம். கூண்டுக்குள் ஒரு சட்டம் உண்டு. அங்கே ‘நான்’ என்று சொன்னால், அது எப்போதும் கீழே பேசிக்கொண்டிருப்பவரைக் குறிக்கும். “நான் இந்தத் தீர்மானத்தை எதிர்க்கிறேன்” என்று கிளி சொன்னால் எதிர்ப்பது ஏதோ ஒரு நாடு. அவளுக்கென்று சொந்தமாக ஒரு ‘நான்’ கிடையாது. தப்பித் தவறி அவளே ஏதாவது சொல்ல வேண்டி வந்தால், யாரோ மூன்றாம் மனுஷியைச் சொல்வதுபோல ‘மொழிபெயர்ப்பாளர்’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இருமல் பொத்தான். பேசும்போது தொண்டை செருமினால் அது மண்டபத்துக்குப் போகக் கூடாதல்லவா? அதற்காக மைக் பெட்டியில் ஒரு பொத்தான். விரல் அதன் மேல் அழுந்தியிருக்கும்வரை மைக் ஊமை. எடுத்தால் உயிர். உலகத்துக் கூண்டுகளில் நடக்கும் அரட்டையெல்லாம் அந்தப் பொத்தானின் தயவில்தான். எந்த அமைச்சருக்கு விக் நழுவுகிறது, எந்தத் தூதர் நேற்றுப் பேசியதையே இன்றும் பேசுகிறார் என்பதெல்லாம் ஒரு கட்டைவிரல் அழுத்தத்தில் நடக்கும் சம்பாஷணைகள்.

கிளி அப்போது நிரந்தரப் பணியாள் இல்லை. மன்றம் கூடும் பருவத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள். மிச்ச நாளெல்லாம் கிடைத்த வேலை. மொழிபெயர்ப்புப் பிரிவின் தலைவியைப் பின்னால் எல்லாரும் பெரியம்மா என்பார்கள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்த வருடம் மன்றம் தொடங்கும் முன் கிளியைக் கூப்பிட்டு, “இந்தத் தடவை முடிஞ்சதும் உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி மேல பேசியிருக்கேன். ரெண்டு வாரம் ஒழுங்கா ஓட்டிடு,” என்றார்.

அது வெறும் உத்தியோக விஷயம் இல்லை. கணவர் வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். பேருந்து போய்ச் சேரும் ஊரிலேயே தூங்கி, மறுநாள் திரும்பும் பாதை. நகரப் பேருந்துக்கு மாறினால் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் சம்பளம் குறையும். கிளியின் வேலை நிலைத்தால்தான் அது கட்டுப்படியாகும். “நீ நிரந்தரம் ஆன மறுநாள் நான் டவுன் பஸ்,” என்று அவர் சொல்லிச் சொல்லி, சலவைக்கடைக்கு மேலே இருந்த அந்த வீட்டில் அது ஒரு மந்திரம்போல ஆகிவிட்டது. அப்பாவின் தலையணையைக் கட்டிக்கொண்டுதான் மகள் தூங்குவாள். “அப்பா எப்ப டவுன் பஸ் ஆவாரு?” என்று காலையில் எழுந்ததும் கேட்பாள், ஏதோ அப்பாவே சக்கரம் முளைத்துப் பேருந்தாக மாறப்போகிற மாதிரி.

மன்றம் முடிய இன்னும் ஒரே நாள் இருந்தது. அன்று மத்தியானம் கூண்டில் குளிர்க்காற்று கிளியின் நாற்காலிக்கு மேலேயே கொட்டியது. தொண்டை கரகரத்தது.

“இந்தப் பக்கம் வந்து உக்காரு. அங்க இருந்தா நாளைக்கு உன் குரலை மருத்துவமனையில போய்த்தான் வாங்கணும்,” என்றார் ரேடியோ. இடம் மாறிக்கொண்டார்கள். அவளுடைய மைக் பெட்டி பழையது, இருமல் பொத்தான் இடது ஓரத்தில். ரேடியோவின் பெட்டி புதியது. அதில் பொத்தான் வலது ஓரத்தில், இடது ஓரத்தில் ஒலி அளவு. அவளுக்கு அது தெரியும். அவள் கட்டைவிரலுக்குத் தெரியாது.

அப்போது கீழே பேச எழுந்தவர் தீவுக்காரர். சின்னஞ்சிறு நாடு. ஒரே ஒருவரைத்தான் அனுப்பும். மனிதர் பாவம், மூன்று அறைகளில் நடக்கும் கூட்டங்களுக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருப்பார். அவருக்கும் கிளியின் தாய்மொழிதான், அதிலேயே பேசுவார். பேசும் முன் கூண்டை அண்ணாந்து பார்த்து ஒரு தலையசைப்பு. காலையில் காபி இயந்திரத்தின் முன்னால் இவர்கள் இருவரிடமும் புலம்பியிருந்தார்.

“இன்னைக்கு நான் வாசிக்கப் போறது எனக்கே பிடிக்கலைம்மா. ஊர்லேருந்து எழுதி அனுப்பிட்டாங்க. ஒரு வார்த்தை கூட்டிக் குறைச்சாலும் அடுத்த வருஷம் இங்க வேற ஆள்தான் நிப்பாரு.”

விஷயம் இதுதான். கரையை ஒட்டிய கடலைச் சிறு படகுகளுக்கென்று ஒவ்வொரு நாடும் ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற வரி வரைவில் இருந்தது. பெரிய மீன்பிடிக் கப்பல்கள் வைத்திருக்கும் சில நாடுகள் முகம் சுளிக்க, அன்று காலை அந்த வரியைத் தூக்கிவிட்டார்கள். அந்த வரி இல்லாத வரைவை மனநிறைவோடு வரவேற்பதாகத் தீவுக்காரர் வாசிக்க வேண்டும்.

கிளிக்கு ஒரு அண்ணன். சின்னப் படகு வைத்திருந்தவர். பெரிய கப்பல்கள் கரைவரை வந்து வழித்துக்கொண்டு போக ஆரம்பித்ததும் படகை விற்றுவிட்டு, வலையை மட்டும் வைத்துக்கொண்டு, பால் வேன் ஓட்டினார். “கடல் அப்படியேதான் இருக்கு. மீன்தான் வேலையை விட்டுட்டுப் போயிடுச்சு,” என்பார் கேட்டவர்களிடம்.

தீவுக்காரர் வாசித்தார். கிளி அதைப் பொது மொழியில் சொல்லிக்கொண்டே வந்தாள். “நான் இந்த வரைவை மனநிறைவோடு வரவேற்கிறேன்.” அவர் நிறுத்தினார். தாளைப் புரட்டினார். தண்ணீர் டம்ளரை எடுத்து வாயில் வைத்தார். கிளி கட்டைவிரலை அழுத்தி, ரேடியோ பக்கம் திரும்பினாள். ஒரு மொழியில் ஓடிக்கொண்டிருக்கும் நாக்கு சட்டென்று தடம் மாறாது. கூண்டுக்காரர்கள் எல்லாருக்கும் இது உண்டு, அரட்டைகூட அப்போது ஓடும் மொழியிலேயே வந்துவிடும். அவள் பொது மொழியிலேயே சொன்னாள்:

“மனநிறைவாம்! எங்க அண்ணன் இனிமே எங்க போய் வலை வீசுவாராம்? பாத்ரூம் பக்கெட்லயா?”

மண்டபத்தில் தலைகள் நிமிர்ந்தன. யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பின்வரிசையில் மேஜையைத் தட்டினார்கள். தட்டுவது முன்வரிசைக்கும் வந்தது. பேச வாய்ப்புக் கேட்டு நாடுகளின் பெயர்ப்பலகைகள் மளமளவென்று உயர்ந்தன. தீவுக்காரர் டம்ளருக்குப் பின்னால் வாயை வைத்திருந்ததால், அவர் பேசவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. கேட்டது பெண் குரல். ஆனால் மன்றத்தில் குரலை யார் பார்க்கிறார்கள்? ஆண்கள் பேசுவதைப் பெண் குரலிலும், பெண்கள் பேசுவதை ஆண் குரலிலும் கேட்டே பழகிய காதுகள்.

தலைவர் மைக்கை இழுத்துக்கொண்டார். “மதிப்புக்குரிய பிரதிநிதியின் கேள்வி கூர்மையானது. பதில் சொல்ல மூன்று நாடுகள் கேட்டிருக்கின்றன.”

இதைத் தீவுக்காரரின் காதில் தாய்மொழியில் சொல்ல வேண்டியவர் ரேடியோ. அவர் தன் பொத்தானைச் சரியாக அழுத்திக்கொண்டு, மறுகையை நீட்டி அவள் பெட்டியின் பொத்தானையும் அழுத்தியபடி திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை.

“கிளி, மைக் திறந்திருந்துச்சு.”

“அழுத்தினேனே!”

“அது வால்யூம்மா.”

அவள் விரலைப் பார்த்தாள். பிறகு வலது ஓரத்துப் பொத்தானை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப அவர் காதுல என்ன சொல்லட்டும்? தலைவர் நன்றி சொல்றாருன்னு மழுப்பிடட்டுமா? பதில் வந்தா அதையும் ஏதோ பொதுவாச் சொல்லிச் சமாளிக்கலாம். நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.”

கீழே தீவுக்காரர் டம்ளரை வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே தன்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறது என்று புரியாத முகம்.

“மழுப்பினா, பக்கெட்னு பேசினது அவர்தான்னு பதிவாயிடும். ஊருக்குப் போனா வேலை போயிடும்.”

“சொன்னா உன்னோடது போயிடும்.”

“தெரியும்.”

“டவுன் பஸ்?”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். “அவர் வாயில வெச்சது நான்தானே ரேடியோ. நான்தானே எடுக்கணும்.”

விரலை எடுத்தாள். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“மொழிபெயர்ப்பாளரின் திருத்தம். சற்றுமுன் கேட்கப்பட்ட கேள்வி மதிப்புக்குரிய பிரதிநிதியுடையது அல்ல. மொழிபெயர்ப்பாளர் தம் சக பணியாளரிடம் பேசியது தவறுதலாக மண்டபத்துக்கு வந்துவிட்டது. பிரதிநிதியிடமும் மன்றத்திடமும் மொழிபெயர்ப்பாளர் மன்னிப்புக் கோருகிறார்.”

அந்த மண்டபம் கட்டிய நாளிலிருந்து அவ்வளவு தலைகள் ஒரே நேரத்தில் பின்சுவரை அண்ணாந்து பார்த்திருக்காது. மேஜைக்கு அடியில் குனிந்துவிடலாமா என்று அவளுக்கு இருந்தது. ரேடியோ அவள் நாற்காலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நடந்ததை முழுதாகத் தீவுக்காரரின் காதில் சொன்னார், அண்ணன், பக்கெட் எல்லாவற்றையும், நாளை லேசான மழை பெய்யும் என்பதைப்போல.

தீவுக்காரர் கூண்டைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு தன் பெயர்ப்பலகையை நிமிர்த்தினார்.

“தலைவர் அவர்களே, அந்தக் கேள்வி என் நாட்டினுடையது அல்ல. அதைக் கேட்க எனக்கு உத்தரவும் இல்லை.” தாளைக் கவிழ்த்து வைத்தார். “ஆனால் கேள்வி கேட்டாகிவிட்டது. பதில் ஏதாவது வந்தால், காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று எனக்கு உத்தரவு இல்லை. என் மைத்துனரும் படகு வைத்திருக்கிறார்.”

இதைப் பொது மொழியில் சொல்ல வேண்டியவள் கிளிதான். “என் மைத்துனரும்” என்னும்போது குரல் தடுக்கியது. சொல்லி முடித்தாள்.

முன்வரிசையிலிருந்து குளிர் தேசத்துப் பிரதிநிதி ஒரு அம்மாள் எழுந்தார். காலையில் அந்த வரிக்காக வராந்தாவில் மல்லுக்கட்டித் தோற்றவர். “யாருக்கும் சொந்தமில்லாத கேள்வியா? அப்படியானால் அதை என் நாடு எடுத்துக்கொள்கிறது. எங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். பக்கெட்டையும் சேர்த்து.”

மண்டபம் சிரித்தது. பிறகு பேரம் தொடங்கியது. மறுநாள் சாயங்காலம் அறிக்கை வெளியானபோது தூக்கிய வரி திரும்பி வந்திருந்தது, ஆனால் இளைத்துத் துரும்பாகி. கரையோரக் கடலைச் சிறு படகுகளுக்கு ஒதுக்குவது பற்றி ஒவ்வொரு நாடும் பரிசீலித்து, ஆண்டுதோறும் மன்றத்தில் தெரிவிக்குமாம்.

“ஒதுக்கணும்னு போச்சு, பரிசீலிக்கிறோம்னு வந்திருக்கு,” என்றார் ரேடியோ.

“வந்துச்சில்ல,” என்றாள் கிளி.

தன் பக்கெட்டால்தான் அது வந்தது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள். அந்தக் குளிர் தேசத்து அம்மாளும் வேறு சில நாடுகளும் இரவு பகலாக உழைத்தது அது. தான் செய்தது ஒரு தப்பு, அந்தத் தப்பை அவர்கள் வீணாக்கவில்லை என்பதுதான் அவள் கணக்கு.

பெரியம்மா அறைக்குக் கூப்பிட்டார்.

“உக்காரு. பக்கெட்டா?”

“ஆமா மேடம்.”

“மைக்ல இருமி மாட்டிக்கிட்டவங்களைப் பாத்திருக்கேன். மத்தியானச் சாப்பாட்டைத் திட்டி மாட்டிக்கிட்டவங்களைப் பாத்திருக்கேன். ஒரு நாட்டுக்கே கேள்வி வாங்கிக் கொடுத்தவ நீ ஒருத்திதான்.” சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டார். “திருத்தம் சொன்ன பாரு, அதனாலதான் இந்த நாற்காலியில உக்காந்திருக்க. ஆனா உன்னை நிரந்தரம் பண்ணுங்கன்னு இனிமே நான் மேல போய் நிக்க முடியாது. அடுத்த வருஷமும் பருவத்துக்குக் கூப்பிடுவேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்.”

“சரி மேடம்.”

“அழணும்னா இங்கேயே அழுதுட்டுப் போ. வராந்தா பூரா நிருபருங்க.”

அவள் அழவில்லை. வீட்டுக்குப் போனபோது கணவர் சீருடையைப் போட்டுக்கொண்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். கதவருகிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

“பக்கெட்டுன்னா சொன்னே?”

“ம்.”

“பாத்ரூம் பக்கெட்டா?”

“ஆமாங்க!”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவளும் சிரித்தாள், கொஞ்சம் கோபத்தோடு. பிறகு அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “போகட்டும் விடு. லாங் ரூட்லதான் நிம்மதியாப் பாட்டுக் கேக்கலாம்.” சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக வாசற்படியிலேயே நின்றார்.

“நாளைக்கு டவுன் பஸ் இல்லையாப்பா?” என்றாள் மகள்.

“இன்னும் கொஞ்ச நாள் ஆகும்டா கண்ணு.”

அண்ணன் சேதி கேட்டுப் போனில் குதித்தார். “ஏம்மா, உலகத்துல இருக்கிற அத்தனை நாடும் என்னைப் பத்திப் பேச ஒரு சந்தர்ப்பம் வந்துச்சு. அதுல போயி என்னை பாத்ரூம்லயா உக்கார வெப்ப?”

இப்போது கேட்டால், தன் வாழ்க்கையிலேயே நல்ல வருடங்கள் அதற்கப்புறம் வந்தவைதான் என்பாள் கிளி. அப்போது அப்படித் தெரியவில்லை. அப்போது தெரிந்ததெல்லாம் படுக்கையில் காலியாகக் கிடந்த பக்கம். ஆனால் ஒவ்வொரு வருடமும் மன்றம் கூடும். ரேடியோ தன் மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து, இரண்டு பெட்டிகளிலும் இருமல் பொத்தானுக்கு மட்டும் பூசி வைத்தார். தீவுக்காரருக்கு வேலை போகவில்லை. வராந்தாவில் பார்த்தால், வணக்கத்துக்குப் பதில் “மைக் மூடியிருக்கா?” என்பார். வேற்று மொழிக் கூண்டுக்காரர்கள் அவளுக்கு இயந்திரத்திலிருந்து டீ வாங்கித் தருவார்கள், காபிப் பொத்தானை அழுத்தி.

அந்த இளைத்த வரியும் வருடா வருடம் சபைக்கு வந்தது. முதல் வருடம் இரண்டு நாடுகள்தான் வாய் திறந்தன. மற்றவை பரிசீலித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு அவசரமாக உட்கார்ந்தன. அடுத்த வருடமும் அதையே சொன்ன ஒருவரிடம், “போன வருடமும் இதைத்தானே சொன்னீர்கள்?” என்று யாரோ கேட்க, அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கடுத்த வருடம் அதே மனிதர் வரைபடத்தோடு வந்தார். மிதவை போட்டு எல்லை கட்டிவிட்டோம், காவல் படகுக்குத்தான் டீசல் இல்லை என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் கிளி மாற்றிச் சொன்னாள். “நான் எல்லை கட்டிவிட்டேன். என்னிடம் டீசல் இல்லை.”

நிரந்தர வேலை கடைசியில் வந்தது. அவள் திறமையை மெச்சி வரவில்லை. அந்த மொழிக்கு ரேடியோவைத் தவிர இருந்த ஒரே நிரந்தர ஆள் வேறு நாட்டுக்குக் குடிபோய்விட, கூப்பிட வேறு யாரும் இல்லை. “உன்னை விட்டா ஆளில்லை, என்ன பண்றது?” என்றுதான் பெரியம்மா சொன்னார். சொல்லும்போது உதட்டோரம் ஏதோ அசைந்ததாக ரேடியோ சத்தியம் செய்வார். அடுத்த மாதமே கணவர் நகரப் பேருந்துக்கு மாறினார். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் குழாயையெல்லாம் பழுது பார்த்தார். நன்றாக இருந்த குழாயையும் சேர்த்து.

அந்த வருட மன்றத்தின் கடைசி நாள் அவருக்கு விடுமுறை. மாடியில் பொதுமக்கள் உட்கார இடம் உண்டு. தேய்த்த சட்டையோடு வந்து உட்கார்ந்து, ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார். கீழே ஒரு மீன்வள அமைச்சர் பேச, அவர் காதுக்குள் அவர் மனைவி தாய்மொழியில் சொன்னாள்: “அமைச்சர் என்ற முறையில் நான் உறுதியளிக்கிறேன்.” அன்று ரேடியோவுக்குத் தலைவலி. அந்தப் பக்கத்து வேலையையும் அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது என் வீட்டுக்காரி,” என்றார் இவர் பக்கத்தில் இருந்தவரிடம். ஹெட்போன் மாட்டியிருந்ததால் அது பெரிய சத்தமாக வெளிவந்தது.

“அமைச்சரா?” என்றார் அவர்.

“இல்லைங்க, குரல்.”

காவலாளி வந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

கூட்டம் கலைந்து படிக்கட்டில் இறங்கும்போது கேட்டார். “அமைச்சராப் பேசறப்ப எவ்வளவு தன்மையாப் பேசறே. வீட்ல மட்டும் ஏன் அந்த விரட்டு விரட்டறே?”

“அமைச்சர் ஈரத் துண்டைக் கட்டில் மேல போடறதில்லைங்க.”

நகரப் பேருந்தில்தான் வீட்டுக்குப் போனார்கள். அவர் ஓட்டும் அதே பாதை, ஓட்டியது வேறு ஆள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவரால் சும்மா வர முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் அவர் வலது கால் தரையை அழுத்தியது. “மெதுவா, மெதுவா,” என்று முன்னிருக்கையிடம் சொல்லிக்கொண்டார். அவள் சன்னலோரம் உட்கார்ந்து, கடைவீதி விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தொண்டை வறண்டிருந்தது. யாருக்கும் எதையும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சலவைக்கடை படிக்கட்டில் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஓரளவு வளர்ந்துவிட்டிருந்தாள். வெளிச்சம் இருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் வழக்கமில்லாமல் சேர்ந்து நடந்து வருவதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இரண்டு படி ஓடி இறங்கி வந்து பதறிக் கேட்டாள்:

“என்னம்மா ஆச்சு?”